உளுந்துக்கு ஒரு உபசாரம்

"ஏ கோகிலா, இந்தத் தடவை பல்பொடி ஏன் இப்படி மண்வாடை அடிக்குது?"

ஒரு மாதமாகக் கேட்கும் கேள்வியை அன்றும் மனைவியிடம் கேட்டுத் துப்பிவிட்டு, சௌந்தரபாண்டியன் திருச்சுழி ரோட்டிலிருந்த தன் உளுந்துக் காட்டுக்கு ஓடினார். செடிகளுக்கு மஞ்சள் காமாலை கண்டிருந்தது.

பாளையம்பட்டியில் அவருக்கு விதைக்கடை. புதிதாக வந்த நுண்ணுயிர்ப் பொடியைப் பெட்டி பெட்டியாக இறக்கியிருந்தார். ஆறின கஞ்சியில் பொடியைக் குழைத்து விதையில் பூசினால், வேரில் முடிச்சு முடிச்சாக விடும். அதற்குள் பாக்டீரியா குடியிருந்து, காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும். "எங் காட்டைப் பாத்துட்டு வாங்குங்கய்யா!" என்று ஊர் முழுக்கச் சவால் விட்டாயிற்று. வெள்ளிக்கிழமை வேளாண்மை அதிகாரி இன்பராஜ் எல்லார் முன்னாலும் செடியைப் பிடுங்கிக் காட்டப் போகிறார். முடிச்சு இல்லையென்றால் பொடியும் போச்சு, பேரும் போச்சு.

அருப்புக்கோட்டைக்குப் போய் அதிகாரியிடமே நைசாக விசாரித்தார்.

"வேரு ஒரு மாதிரி புளிப்பைக் கசிய விடும் அண்ணாச்சி. அந்த அமிலத்தைத் தேடித்தான் பாக்டீரியா வரும். உள்ள வந்தப்புறமும் அதைத் தின்னுதான் வேலை பாக்கும்."

"கல்யாணச் சேலை எடுக்க வந்தவுகளுக்குக் கடையில கலர் சோடா உடைச்சுக் குடுக்குற மாதிரி?"

"அதேதான்."

"அப்ப நாமளே குடுத்துருவோம்!"

அதிகாரி பதறி எழுவதற்குள் டவுன் பஸ்ஸில் தொற்றிவிட்டார்.

முதலில் செடிக்கு ஒரு கரண்டி புளித்த மோர். மிச்சத்தைக் கொட்ட மனசில்லாமல் தினமும் அவரே குடித்தார். மஞ்சள் கூடியது. "பத்தலை" என்று எலுமிச்சைச் சாறு விட்டார். இலை சுருண்டது. புளியைக் கரைத்து ஊற்றியதும் செடிகள் மொத்தமாகத் தலையைத் தொங்கப் போட்டன.

பக்கத்துக் காட்டு நல்லகண்ணு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான்: "அண்ணாச்சி, தாளிச்சு எறக்கிரலாமா?"

வெள்ளிக்கிழமை. ஊரே கூடி நிற்க, இன்பராஜ் ஒரு செடியைப் பிடுங்கினார். மொட்டை வேர்.

"பொடியைக் கலந்தீகளா, இல்லையா?"

"சத்தியமாக் கலந்தேன் சார். கவரு கசங்காமக் கடையில தொங்க விடணும்னு, பொடியை வீட்டுல காலி ஹார்லிக்ஸ் பாட்டில்ல கொட்டி வச்சேன். அதுலருந்துதான்..."

"கறுப்பாத்தானே இருந்துச்சு?"

"கரிக் கறுப்பு சார். கமகமன்னு கிராம்பு வாசம்!"

கூட்டத்துக்குப் பின்னால் நின்ற கோகிலாம்பாள் தலையில் கை வைத்தாள்.

"கிராம்பா? ஐயோ, அது பக்கத்துப் பாட்டில்ல நான் இடிச்சு வச்ச பல்பொடியாச்சே! அப்ப ஒரு மாசமா நீங்க பல்லு வெளக்குனது...?"

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து நல்லகண்ணு குரல் கொடுத்தான்.

"அப்ப மோரு சரியான எடத்துக்குத்தான் போயிருக்கு. சார், அந்தச் செடியைக் கீழ போட்டுட்டு அண்ணாச்சியை வாயைத் தொறக்கச் சொல்லுங்க. முடிச்சு அங்கதான் வுட்டிருக்கும்."