பனியில் ஏறி வெயிலில் இறங்கிப் பெண் கேட்ட விவரம்

அல்லாஹ்வின் திருப்பெயரால், கனடாவில் வாழும் என் அருமை மருமகன் ராகானுக்கு, உன் தாய்மாமன் அபு மிஷால் சல்ட் நகரிலிருந்து சலாமும் துஆவும் சொல்லி எழுதுவது. இங்கே உன் தாயும் மற்றவர்களும் நலம். என் வலது முழங்காலும் நலமே, ஆனால் அதைப் பற்றிப் பிறகு.

கரக் ஊர்க் கல்லூரியில் உன்னோடு படித்த ருபாவைப் பெண் கேட்கும் பொறுப்பை நீ என்னிடம் ஒப்படைத்தாய். இன்னொரு வீட்டாரும் அவளைக் கேட்கப் போகிறார்கள், குளிர்காலமென்று தள்ளிப்போடாதீர்கள், வானிலையைப் பார்த்து நல்ல நாளாகக் குறியுங்கள் என்று நீ எழுதியதைப் படித்தபோதே எனக்குச் சிரிப்பு வந்தது. நம் நாட்டில் ஒரே நாளில் ஒரு மலையில் பனி கொட்டும், அதன் அடிவாரத்தில் வெயில் காயும். அதைத் தொலைக்காட்சியில் ஒரு பெண் குச்சியை வைத்துக் காட்டித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? என் முழங்கால் சொல்லாத மழை இந்த நாட்டில் பெய்ததில்லை. அமைச்சர் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு நாள் குறிக்க என் முழங்காலைக் கேட்டனுப்பியது ஊருக்கே தெரியும்.

பெண்வீடு இருக்கும் ஷோபக் ஊர் மலைமேல் இருக்கிறது, அங்கே பனி விழும் என்று கணக்கிட்டு, என்னோடு வந்த பெரியவர்கள் எல்லோரையும் கனத்த ஆட்டுத்தோல் அங்கியும் அதற்குள் இரண்டு கம்பளிச் சட்டையும் போடச் சொன்னேன். உன் சித்தப்பா ஃபவ்வாஸ் மட்டும் வேனில் ஏறும்போதே, "பொண்ணு கேக்கப் போறோமா, ஆடு விக்கப் போறோமா அபு மிஷால்?" என்றார். ஷோபக்கை நெருங்கும்போது பனி கொட்டியது பார், ஒவ்வொரு துண்டும் ரொட்டி அளவு! வேன் வழுக்க, எல்லோரும் இறங்கித் தள்ள, முன்னால் நின்று பாதை காட்டியவன் நான். அந்த நிலையில் ஃபவ்வாஸ்கூட, "முழங்கால் ஜெயிச்சிருச்சுப்பா" என்று ஒப்புக்கொண்டார்.

பெண்வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து, எங்கள் அங்கிகளைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கித்தான் பேசினார். "ருபாவோட அப்பா அபு தலாலையா தேடுறீங்க? குளிர் ஆரம்பிச்சதுமே குடும்பத்தோட கீழ கோர் பள்ளத்தாக்குக்கு இறங்கிட்டாரே. அங்கதானே அவருக்குத் தக்காளித் தோட்டம். குளிர்காலத்துல அவர் இங்க இருந்து நான் பாத்ததே இல்லையே!" ஃபவ்வாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவர் எங்க இருப்பார்னு உங்க முழங்கால் சொல்லலையா?" ராகான், வானிலை சொல்வதுதான் முழங்காலின் வேலை, விலாசம் சொல்வது அல்ல. அவர்கள் குளிர்காலத்தில் கீழே இறங்கிவிடுவார்கள் என்று நீயாவது எழுதியிருக்கலாம். குற்றம் சொல்வதாக எண்ணாதே.

தஃபீலா இறக்கத்தில் வேன் இறங்க இறங்கக் குளிர் குறைந்தது, காது அடைத்தது, வியர்த்தது. சாக்கடலோரம் அவர் தோட்டம் இருக்கும் ஸாஃபிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே கோடை. அங்கியைக் கழற்றலாம் என்றால், உள்ளே இருந்த கம்பளிச் சட்டைகளில் ஒன்று கிழிசல், இன்னொன்று உன் மாமியுடையது. பெண் கேட்கப் போன குழுவின் தலைவன் அந்தக் கோலத்தில் நிற்கலாமா? ஆகவே அங்கியோடே உட்கார்ந்தேன். அபு தலால் என்னைப் பார்த்து, "காய்ச்சலா அண்ணே?" என்று கனிவாகக் கேட்டார்.

காப்பி வந்தது. என் கோப்பையைத் தொடாமல் முன்னால் வைத்தேன். வந்த காரியம் கைகூடும்வரை தலைவன் குடிக்கக் கூடாதல்லவா? தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, ஆனாலும் தொடவில்லை. பிறகு பேசினேன். பெண்ணின் பேரைச் சந்தைச் சரக்கு மாதிரி போட்டு உடைப்பது என் வழக்கமல்ல. மலையின் பனியில் தொடங்கி, பள்ளத்தாக்கின் வெயிலைப் புகழ்ந்து, கடைசியில் இப்படிச் சொன்னேன்: "உங்கள் தோட்டத்தில் கனிந்து சிவந்து நிற்கும் செல்வத்தை நாடி வந்திருக்கிறோம். அதை எங்கள் வீட்டுக்கு அனுப்பித் தாருங்கள். வாடவிட மாட்டோம், நசுங்கவிட மாட்டோம்." ஃபவ்வாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று பின்னால் சொன்னார், நான் நம்பவில்லை.

அபு தலால் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "இதுக்காகவா பனியில இவ்வளவு தூரம் வந்தீங்க? நம்மகிட்ட அதுக்கென்ன பஞ்சம்! காப்பியைக் குடிங்க அபு மிஷால். நீங்க கேட்டது உங்களுக்குத்தான். நானே வண்டியில ஏத்தி அனுப்புறேன்."

எவ்வளவு பெரிய மனசு! பெண்ணைப் பெற்றவர் தானே வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரே மடக்கில் குடித்தேன். சம்மதத்தை உறுதிசெய்ய ஃபாத்திஹா ஓதுவதை மட்டும் ஏனோ மறந்துவிட்டார்கள். உள்ளே பெண்களின் குலவைச் சத்தமும் கேட்கவில்லை. தோட்ட வேலையாக இருந்திருப்பார்கள். ஆக, காரியம் முடிந்தது. நீ மோதிரம் வாங்கலாம். உன் தாய்க்கும் மகிழ்ச்சி. அக்கம்பக்கத்துக்கெல்லாம் இனிப்பு கொடுத்துவிட்டாள்.

இறைவன் உன் ஆயுளையும் உணவையும் விருத்தியாக்கி, நல்ல மனைவியைத் தந்து, என்னைப் போல் யோசனையுள்ள பெரியவர்களை உனக்கு என்றும் துணையாக வைப்பானாக.

உன் தாய்மாமன்,
அபு மிஷால்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அபு தலால் வாக்குத் தவறவில்லை. வண்டி நிறையத் தக்காளி. ஓட்டி வந்தது ருபா. பக்கத்தில் அவள் அண்ணன் தலால் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அம்மா, உன் அப்பா தவறாகப் புரிந்துகொண்டாரே" என்றேன். "அப்பாவுக்கு எல்லாம் புரிஞ்சுது மாமா. நீங்க கேட்டதைக் குடுத்தாரு. என் பேரை யாரும் கேக்கலையே?" என்றாள். அந்த இன்னொரு வீட்டாருக்கு என்ன பதில் என்று பயந்துகொண்டே கேட்டேன். "அவங்க வந்து, பேரைச் சொல்லித்தான் கேட்டாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன். ராகானை வரச் சொல்லுங்க. அப்பா முன்னாடி உக்காந்து, காப்பியைத் தொடாம, ஒரு வார்த்தை, என் பேரை மட்டும் சொல்லட்டும். பேச்சாளர் யாரும் வேண்டாம்." சீக்கிரம் வா ராகான். எந்த நாள், எந்தப் பாதை, என்ன உடுப்பு என்பதை அவளிடமே கேட்டுக்கொள்.