மறதிச் சான்றிதழ்

பூமியில் பாட்டு என்று ஒன்று இன்னும் மிச்சமிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் பாடுகிறவர்கள் அல்லர், நாங்கள். மாட்டுங்காவில் லிஃப்ட் வேலை செய்யாத ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இயங்கும் 'நாதமூலம்' இசைத்தட்டு நிறுவனத்தைச் சொல்கிறேன். அழிந்துவரும் நாட்டுப்புற இசையைப் பதிவு செய்து, கருப்பு இசைத்தட்டாக வெளியிட்டு, காலத்தின் வாயிலிருந்து மீட்பது எங்கள் திருப்பணி. லாப நோக்கற்ற அமைப்பு. ஆறு வருடங்களில் இந்தக் கொள்கையிலிருந்து நாங்கள் ஒரு ரூபாய்கூட வழுவியதில்லை.

அடியேன் சுப்ரமணியன், கௌரவச் செயலாளர். முப்பத்திரண்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இறப்பு கிளெய்ம் பிரிவில் இருந்தவன். அழிவு சம்பந்தப்பட்ட படிவங்களில் என்னை மிஞ்ச பம்பாயில் ஆள் கிடையாது.

எங்கள் நிறுவனர் வந்தனா மேடம் செம்பூரில் பிறந்து, வெளிநாட்டில் இசை ஆராய்ச்சி முடித்துத் திரும்பியவர். வயதில் என் பெண்ணைப் போன்றவர். அவர் என்னை 'மாமா' என்பார். நான் அவரை 'மேடம்' என்பேன். நிர்வாக ஒழுங்கு.

வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று 'கடைசிக் குரல்' என்று ஒரு நிதியுதவித் திட்டம் அறிவித்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பாட்டைத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது வெறும் பாட்டு. ஒருவருக்கு மட்டும் தெரிந்தால்தான் 'பாரம்பரியம்'.

தாராவியில் அப்துல் ரவூப் பாயின் தையல் பட்டறையில் அந்தப் பாரம்பரியத்தைக் கண்டுபிடித்தோம். முப்பிடாதியம்மாள் என்கிற திருநெல்வேலிப் பெண்மணி, தைத்து வந்த சட்டைகளில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டே, அம்மன் கொடைக்கு முளைப்பாரி வளர்க்கும்போது பாடும் கும்மிப்பாட்டைப் பாடினார்.

"சட்டியில போட்ட பயறுக்கு
ஆரு இருக்கா காவலுக்கு?"

சுற்றியிருந்த பதினோரு பெண்களும் கத்தரிக்கோலை நிறுத்தாமல் பதில் சொன்னார்கள்:

"நாங்க இருக்கோம் ஆத்தா, நாங்க இருக்கோம்!"

மேடம் கண்ணில் நீர் தளும்பியது. பிறகு விரல்விட்டு எண்ணினார். தளும்பிய நீர் அப்படியே நின்றுவிட்டது.

"மாமா, பன்னண்டு பேர் இருக்காளே!"

"பதிமூணு," என்றார் ரவூப் பாய், பட்டன் தைத்தபடியே. "இருவது வருசமா கேக்கேன். எனக்கும் பாடமாயிட்டு."

அன்று மாலை அலுவலகத்தில் மரண அமைதி. மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்ளோ ஆரோக்கியமா ஒரு பாட்டு இருந்தா, அதை எப்படி மாமா காப்பாத்தறது?"

நான் காப்பாற்றினேன். ஒரே பக்கத்தில் ஒரு படிவம் தயாரித்தேன். 'தாராவி, இன்ன சந்து, இன்ன எண் வீட்டில் இருபது ஆண்டுகளாக வசிக்கும் இன்னார் ஆகிய நான், மேற்படி பாட்டை முழு மனதோடும், யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் மறந்துவிட்டேன்.' கீழே கையெழுத்து, புகைப்படம், எங்கள் வட்ட முத்திரை. விதி ஏழு: பாடுவதாகத் தெரியவந்தால் சான்றிதழ் ரத்து.

யாராவது சம்மதிப்பார்களா என்று எனக்கே சந்தேகம். மறுநாள் போய்ப் பார்த்தால் பட்டறை வாசலில் வரிசை நிற்கிறது! தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்று அப்போது வீடு வீடாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். பல வருடம் குடியிருந்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் மாற்று வீடு. விலாசமும் முத்திரையும் உள்ள எந்தக் காகிதத்துக்கும் அங்கே தங்கத்தின் மரியாதை.

"இதுல இருவது வருசம்னு போட்டிருக்கா சார்?" என்று கேட்டார் வடிவு. பதினோரு பேரில் மூத்தவர். மாடி அறையில் குடியிருப்பவர். கரண்ட் பில் வீட்டுக்காரன் பேரில். அவர் பேரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.

"போட்டிருக்கு."

"சீல் உண்டுல்லா?"

"உண்டு. ஆனா பாட்டை மறந்துட்டதா..."

"அதெல்லாம் மறந்தாச்சு. குத்துங்க சார் சீல!"

பன்னிரண்டு பேர் மறந்தார்கள். ரவூப் பாய் இரண்டு பிரதி வாங்கிக்கொண்டார். அன்றைக்கே எல்லாரும் லாமினேட் செய்துவிட்டார்கள். முப்பிடாதியம்மாள் மட்டும் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு?"

"உங்களுக்குப் பாட்டு ஞாபகம் இருக்கும்மா. நீங்க தகுதி பெறலை," என்றேன். விதி என்றால் விதி.

செம்பூர் ஸ்டுடியோவில் பதிவு நடந்தது. முப்பிடாதியம்மாள் கண்ணாடி அறைக்குள் தனியாக நின்று, "ஆரு இருக்கா காவலுக்கு?" என்று பாடிவிட்டு நிறுத்தினார். ஒலிப்பதிவாளர் கௌசிக் காத்திருந்தான். பிறகு மைக்கில் கேட்டான்: "ஆன்ட்டி, ஏன் நிறுத்திட்டீங்க? கண்டினியூ கரோ."

"அவளுவ பாடணும்லா?"

"அவங்கதான் மறந்துட்டாங்களே ஆன்ட்டி."

அம்மையார் யோசித்தார். அந்த இடம் வரும்போதெல்லாம், அவர்கள் பாடி முடிக்கும் நேரத்துக்கு வாயை மூடி நின்றுவிட்டு அடுத்த அடிக்குப் போனார். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். அதில் பதினொன்று மௌனம்.

அறக்கட்டளையிலிருந்து வந்த கடிதத்தை இன்றைக்குப் படித்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். 'பாட்டு நன்று. ஆனால் அந்த மௌனங்கள்! ஆயிரமாண்டுத் துயரம் அவற்றில் பேசுகிறது.' மேடம் உடனே இசைத்தட்டின் அட்டையில் மௌனத்தைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார்.

கொடைக்குப் பத்து நாள் இருக்கையில் முப்பிடாதியம்மாள் மூன்று மாடி ஏறி வந்தார்.

"சார், கொடை வருது. முளைப்பாரி போட்டாச்சு. சுத்தி நின்னு பாடணும். ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேங்கா."

"ஏன்?"

"நீங்க குடுத்த காகிதந்தான்! கணக்கெடுக்க வந்தவன் அதத்தான் ஜெராக்ஸ் வாங்கிட்டுப் போயிருக்கான். பாடினா ரத்துன்னு எழுதி வச்சிருக்கியளாமே. வடிவுக்கு வேற காகிதம் ஏது? பாட்டுக்காக வீட்ட விடச் சொல்லி நான் எப்பிடிக் கேப்பேன்? அந்த ஏழாவது வரிய மட்டும் அடிச்சிக் குடுங்க சார்."

அவர் கேட்டது நியாயம்தான். இருந்தாலும் அடித்தல் திருத்தல் உள்ள படிவத்தை எந்த ஆடிட்டர் ஏற்பார்? அதை அம்மையாருக்குப் பொறுமையாக விளக்கினேன். அவர் மூன்று மாடியும் இறங்கிப் போனார்.

வெளியீட்டு விழா கொடைக்கு நான்கு நாள் முன்பு, ஞாயிறு காலை, மாட்டுங்காவில் ஒரு முதல் மாடி ஹாலில் நடந்தது. அறக்கட்டளைப் பிரதிநிதியே விமானம் ஏறி வந்திருந்தார். நாற்காலிகள் காலியாகத் தெரியக் கூடாதே என்று நான்தான் பட்டறை ஆட்களைப் பஸ்ஸில் வரவழைத்துக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். இட்லியும் கேசரியும் கொடுத்தோம்.

முப்பிடாதியம்மாள் மேடையேறினார்.

"ஆரு இருக்கா காவலுக்கு?"

மௌனம். முன்வரிசை கண்ணை மூடி ரசித்தது. பிரதிநிதி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"ஆரு இருக்கா காவலுக்கு?"

மறுபடி மௌனம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

மூன்றாம் முறை அம்மையாருக்குக் குரல் உடைந்தது. மைக்கைத் தள்ளிவிட்டு, ஹாலின் கடைசி வரிசையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டார்: "ஏட்டி வடிவு! ஆரு இருக்கான்னு ஒத்தையில நின்னு கேட்டுக்கிட்டே கிடக்கேன். ஒனக்குக் காது இல்லியாட்டி?"

வடிவு எழுந்தார். கையிலிருந்த பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார்.

"நாங்க இருக்கோம் ஆத்தா," என்றார்.

அவ்வளவுதான். பதினோரு பேரும் எழுந்து கை தட்ட ஆரம்பித்தார்கள். ரவூப் பாய் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். ஹால் அதிர்ந்தது. முன்வரிசை திரும்பி, "ஷ்ஷ்!" என்றது. "அது யார்?" என்று பிரதிநிதி கேட்க, மேடம் வெளிறிப்போய், "ஆடியன்ஸ் டிஸ்டர்பன்ஸ், ஸாரி," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாமா, முதல்ல அவாளை வெளியில அனுப்புங்கோ! மௌனம் கெட்டுப்போறது!" என்றார்.

அனுப்பினேன். வாசலில் வடிவு பையைத் திறந்து லாமினேட் செய்த சான்றிதழை என் கையில் வைத்தார். "இந்தாங்க சார். மறக்கல." ஒவ்வொருவராக வைத்தார்கள். பன்னிரண்டு. ரவூப் பாயின் இரண்டாம் பிரதியோடு பதிமூன்று. கடைசியாக முப்பிடாதியம்மாள் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கொடுக்க அவரிடம் காகிதம் இல்லை. என்னைத் தாண்டி அவர்களோடு போய்விட்டார்.

விழா நிற்கவில்லை. கௌசிக் இசைத்தட்டைச் சுழலவிட்டான். சபை மறுபடி கண்ணை மூடியது. முதல் கேள்வி முடிந்து மௌனம் வந்ததும், கீழே பஸ் ஸ்டாப்பிலிருந்து கும்மிச் சத்தம். "நாங்க இருக்கோம் ஆத்தா, நாங்க இருக்கோம்!" மௌனம் வருகிற இடத்திலெல்லாம் அளந்துவைத்த மாதிரி அது வந்து விழுந்தது. முன்வரிசை நெளிந்தது. மேடம் என்னைப் பார்த்தார்.

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். கொக்கி உடைந்திருந்தது, கதவு நிற்கவில்லை. கையில் இருந்த பதிமூன்று சான்றிதழ்களையும் ஒன்றாகச் சேர்த்து இடுக்கில் செருகினேன். லாமினேட் செய்தவை, கச்சிதமாக அடைத்துக்கொண்டன. ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை.

ஆண்டறிக்கையில் 'பாட்டைப் பாதுகாக்க மேற்கொண்ட நடவடிக்கைகள்' என்று ஒரு பக்கம் நிரப்ப வேண்டும். நெடுநேரம் யோசித்தேன். அந்த வருடம் நாங்கள் உண்மையிலேயே செய்ததாக எழுதுவதற்கு அந்த ஜன்னலை அடைத்தது ஒன்றுதான் இருந்தது.