இரும்பண்ணனின் நிறைந்த கிடங்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில் இரும்பண்ணன் அளவுக்கு இரும்பை நம்பிய ஜீவன் வேறு கிடையாது. ரயில் தண்டவாளத்துக்கே இரண்டாம் இடம்தான்.

திருக்கோகர்ணத்தில் நாங்கள் ஒரே அறைவாசிகள். வேலை முடிந்து வந்தால் செல்போனில் ராஜ்ஜியம் ஆளும் விளையாட்டு. சுரங்கத்தில் கிடைக்கும் இரும்பையெல்லாம் வாளாக அடித்துத் தள்ளுவார் அண்ணன். வயல் மட்டும் போடமாட்டார்.

"அண்ணே, சோறில்லாம படை ஓடுதுண்ணே!"

"ஓடட்டுமே. வாளோடதானடா ஓடுறான்!"

இந்தப் பித்துக்குக் காரணம் உண்டு. ரத்ததான முகாமில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாக நின்றவரை, ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்தம் கொடுப்பவர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட்டில் அவர் எடுத்ததையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்பது அறையில் உலவிய வதந்தி. அடுத்த முகாமில் கொடுத்தே தீருவதென்று அண்ணன் சபதம் போட்டார்.

இலுப்பூரில் அவர் அக்கா, மாசமாக இருந்தபோது கிடைத்த இரும்புச்சத்து மாத்திரைகளை விழுங்காமல் பை நிறைய வைத்திருந்தார். அண்ணன் அள்ளி வந்துவிட்டார். "அரசாங்கம் குடுத்தது, வீணாப் போகலாமா?" டீயோடு மாத்திரை, சோற்றோடு மாத்திரை, சும்மா இருந்தாலும் மாத்திரை. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை.

சில மாதத்தில் வயிற்றுவலி, மூட்டுவலி. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். பரிசோதனைத் தாளைப் பார்த்த டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"யாருங்க இத்தன மாத்திர திங்கச் சொன்னது? ஒடம்புல இரும்பு தேங்கிருச்சு. ஈரலுக்கு ஆபத்துங்க."

அண்ணன் சிரித்தார். "சேந்தா நல்லதுதானுங்களே?"

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டாக்டர் பேச்சை வீட்டுப் பேச்சாக்குவது பழகிய வேலை.

"அண்ணே, வெளையாட்டுல கிடங்கு நெறஞ்சுட்டா, மேல வர்ற இரும்பு என்னாகும்?"

"வீணாப் போகும்."

"ஒடம்புக்கு அப்படித் தள்ளிவிட வழி இல்லண்ணே. ஈரல்லயே அடுக்கிக்கிட்டுப் போகும்."

சிரிப்பு நின்றது. "அப்ப, ரத்தம் குடுக்க முடியாதாடா?" அந்தக் குரலில் ஒரு வாள்கூட இல்லை.

"மொதல்ல தேறுங்க, அப்பறம் பாப்போம்" என்றார் டாக்டரம்மா.

மாத்திரை நின்றது. வைராக்கியத்தில் விளையாட்டுச் சுரங்கங்களையும் மூடிவிட்டார். நாடெங்கும் நெல், வீரர்கள் கையில் மூங்கில் கழி. முதல் முறையாக ஒருவனும் ஓடவில்லை.

மறுபடி முகாம் வந்தபோதும் அவருக்கு அனுமதி இல்லை. அவருக்குப் பதிலாக ரத்தம் கொடுக்க நான் படுத்தேன். என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி ஏறியபோது கண்ணை மூடியது அவர்தான். முடிந்ததும் என் பிஸ்கட்டைப் பாதி உடைத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"குடுத்துட்டோம்ல தம்பி!"

"ஆமாண்ணே. குடுத்துட்டோம்."