விற்பனைக்கு இல்லாத அண்டா

கடைக்குள் நுழைந்த சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றுவிட்டார். பதினோரு வருஷமாக மூலையில் கிடந்த பெரிய அலுமினிய அண்டாவைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் தரை மட்டும் வட்டமாக வெளுத்துத் தெரிந்தது.

"ஏளா ஜெப்ஸி, அண்டா எங்களா?"

அந்தப் பாத்திரக் கடையில் ஆறு வருஷமாக வேலை பார்க்கும் ஜெப்ஸி, டம்ளரைத் துடைத்தபடியே பெருமையாகச் சொன்னாள். "வித்தாச்சு அண்ணாச்சி!"

"யாரு வித்தா?"

"முருகேஸ்வரி அக்காதான். நீங்க சரக்கெடுக்க லாரி செட்டுக்குப் போயிருந்தப்ப வந்தாவ. வித்துட்டு அப்படியே உடன்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டாவ."

பெண்டாட்டி செய்த வியாபாரத்தைக் கேட்டு அண்ணாச்சி தலையில் கை வைத்தார். மற்றவர்களுக்குத்தான் அது அண்டா. அவருக்கு அதுதான் பேங்கு.

ஒரு மாதத்துக்கு முன் பக்கத்துக் கயிற்றுக் கடைக்காரர் போனில் யாரோ கேட்ட நம்பரைச் சொல்லப்போய், ஒரு லட்சத்து எண்பதாயிரத்தைப் பறிகொடுத்தார். அந்த வாரமே பேங்கில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் அண்ணாச்சி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். அங்கே சொன்னதையெல்லாம் செய்தார். சொல்லாததையும் சேர்த்துச் செய்தார்.

ஏ.டி.எம். கார்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இவர் தகரம் வெட்டும் கத்தரியால் அதை நாலாக வெட்டி, நாலு துண்டையும் நாலு குப்பைத்தொட்டியில் போட்டார். சந்தேகமான மெசேஜைத் திறக்காதீர்கள் என்றார்கள். எது சந்தேகமானது என்று கண்டுபிடிக்கிற வேலையே வேண்டாம் என்று, வருகிற மெசேஜை எல்லாம் படிக்காமலே அழித்தார். ரகசிய நம்பரை அவ்வப்போது மாற்றுங்கள் என்றார்கள். ஒரே மாதத்தில் நாலு முறை மாற்றினார். எங்கேயும் எழுதி வைக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். இங்கேதான் அண்ணாச்சி தன் மூளையைப் பயன்படுத்தினார்.

பாத்திரக் கடையில் ஒவ்வொரு சாமானிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் கொள்முதல் விலை எண்ணாக இருக்காது, எழுத்தாக இருக்கும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது கடைக்குக் கடை வேறு. வாங்க வருகிறவருக்கு ஒன்றும் விளங்காது. விற்கிறவர் சீட்டைப் பார்ப்பார், அதற்கு மேல் லாபம் வைத்து விலை சொல்வார். அண்ணாச்சி தன் பேங்க் ஆப்பின் நாலு எண்ணையும் நாலு எழுத்தாக்கி, சீட்டில் எழுதி, விற்கவே விற்காத சாமான் ஒன்றில் ஒட்டிவைத்தார். ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன அண்டா அது. பின் நம்பரைத் தேடி எந்தத் திருடன் அண்டாவுக்கு வருவான்? இதை நினைத்து மூன்று நாள் தனியாகச் சிரித்தார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் அனுசியாவுக்குக் கோயம்புத்தூரில் விவசாயப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் ஃபீஸ் கட்டாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். இப்போது மணி இரண்டரை. வருகிற வழியிலேயே ஞாபகத்தை நம்பி இரண்டு முறை நம்பரைப் போட்டுப் பார்த்தார். இரண்டும் தப்பு. மூன்றாவதும் தப்பானால் ஒரு நாளைக்கு ஆப் திறக்காது. புது நம்பர் போடக் கார்டு வேண்டும்; அதுதான் நாலு குப்பைத்தொட்டிக்குப் போய்விட்டதே.

"அந்த அண்டா எனக்கு வேணும்," என்றார் அண்ணாச்சி.

"வேற அண்டா இருக்கே அண்ணாச்சி, இந்தா..."

"அதே அண்டாதான் வேணும்."

"பதினோரு வருஷமா அது காலை இடிக்கி இடிக்கின்னு நீங்கதான வைவிய?"

"இப்ப இடிக்கணும் போல இருக்கு. யாரு வாங்கினா?"

"எங்க திரேஸ்புரம் கோயில் அசனத்துக்கு ஜோன்ஸ் அண்ணன்தான் வாங்கிட்டுப் போனாவ. அண்ணாச்சி, அந்தச் சீட்டு..."

"உஷ்! சீட்டைப் பத்திப் பேச்செடுக்கப்படாது. வண்டியில ஏறு."

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கூட்டத்தில் சொன்னது அவர் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டர் பாதி வழி போனபோது போன் அடித்தது. அனுசியா. அண்ணாச்சி ஓரமாக நிறுத்தினார். பிள்ளைகள் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசி ஏமாற்றும் என்று யாரோ சொல்லியிருந்ததால், மகளோடு ஒரு ரகசிய வார்த்தை பேசி வைத்திருந்தார்.

"அப்பா, அந்த ஃபீஸு..."

"மொதல்ல வார்த்தையைச் சொல்லு."

"என்ன வார்த்தை?"

"நாம பேசி வச்ச வார்த்தை."

"அது மறந்துட்டுப்பா. நான் சொல்லுததைக் கேளுங்க, ஃபீஸு..."

அண்ணாச்சி போனை அணைத்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. "அப்படியே எம்மவ மாதிரியே பேசுதான்," என்றார்.

"அனுசியாதான அண்ணாச்சி அது?"

"அப்படித்தான் நெனைக்க வைப்பான்."

திரேஸ்புரத்தில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் பந்தல் போட்டு, வரிசையாக அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஊர் முழுக்கச் சாப்பிடும் அசனம். நடு அடுப்பில் அண்ணாச்சியின் அண்டா கறிக்குழம்போடு கொதித்துக்கொண்டிருந்தது. கமிட்டிக்காரர் ஜோன்ஸ் ஓடி வந்தார்.

"வாங்க அண்ணாச்சி! சாப்பிட வந்தியளா?"

"இல்ல, அண்டாவைப் பார்க்க வந்தேன்."

ஜோன்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணாச்சி புகைக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்டாவைச் சுற்றி வந்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கரண்டியோடு நின்ற சமையல்காரர் சிலுவை வழிவிட்டு விலகினார்.

"என்ன தேடுதிய?"

"சீட்டு. வெலைச்சீட்டு."

"அதைத் தேங்கா நாரு போட்டுத் தேய்ச்சு எடுத்தாச்சே. சீட்டோடயா அடுப்புல ஏத்துவாவ?"

"அதுல இருந்த எழுத்து ஞாபகம் இருக்கா?"

"ரெண்டாயிரம் பேருக்குக் கறி வைக்கேன் அண்ணாச்சி. அண்டாவைப் படிச்சுக்கிட்டா இருப்பேன்?"

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றாள் ஜெப்ஸி.

"சொல்லாத."

முருகேஸ்வரிக்குப் போன் போட்டார். மேளச் சத்தம்தான் கேட்டது. அதற்கு நடுவே, "என்ன? யாரு? கேக்கல!" என்ற குரல் வந்து அதுவும் அறுந்தது. மறு நிமிஷமே தெரியாத நம்பர் ஒன்று அடித்தது. கல்யாண வீட்டில் வேறு யார் போனிலாவது முருகேஸ்வரி கூப்பிடுகிறாளோ என்று பந்தலுக்குப் பின்னால் போய் எடுத்தார்.

"சார், பேங்க்லருந்து பேசறோம். உங்க அக்கவுண்ட் இன்னைக்கு பிளாக் ஆகப் போகுது. பின் நம்பரைச் சொல்லுங்க."

வேறு நாளாக இருந்தால் அண்ணாச்சி போனைத் தூக்கி எறிந்திருப்பார். இப்போது அவருக்கு அழுகை வந்தது.

"அதைத்தான் தம்பி நானும் தேடுதேன்."

"என்ன சார்?"

"அண்டாவுல இருந்துச்சு. நாரு போட்டுத் தேய்ச்சுட்டாவ. இப்ப அதுல கறி கொதிக்கி. உங்ககிட்ட எங்கயாச்சும் எழுதி வச்சிருந்தா பார்த்துச் சொல்லுங்க, புண்ணியமாப் போவும்."

லைன் அறுந்தது. அண்ணாச்சி திரும்பக் கூப்பிட்டார். சுவிட்ச் ஆஃப்.

மணி மூன்றே முக்கால். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. முருகேஸ்வரியும் வியாபாரிதானே? சீட்டில் இருந்ததைக் கொள்முதல் விலை என்று நினைத்திருப்பாள். அதற்கு மேல் லாபம் வைத்து விலை சொல்லியிருப்பாள். பின்னால் இருந்து கணக்குப் போட்டால் நம்பர் வந்துவிடாதா?

"ஜோன்ஸு, அண்டாவுக்கு எவ்வளவு குடுத்திய?"

"ஆறாயிரத்து முன்னூறு."

"அக்கா மொதல்ல எவ்வளவு சொன்னா?"

"ஆறாயிரத்து நானூத்து முப்பத்தெட்டுன்னாவ. கோயில் காரியம்னு முப்பத்தெட்டும் இன்னொரு நூறும் தள்ளுனாவ." ஜோன்ஸின் முகம் மாறியது. "ஏன் அண்ணாச்சி, நட்டமா? சொல்லுங்க, கூட ஐநூறு தாரோம். அதுக்காக இப்படி அடுப்பைச் சுத்தி வரணுமா?"

"துட்டு வேண்டாம்! அசல் மட்டும் தெரியணும். நூத்துக்கு இருவது லாபம். அப்ப அசல் என்ன?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்கள். ஒருவர் போனில் தட்டினார். ஒருவர் தரையில் கரித்துண்டால் எழுதினார். "இருவது சதவீதத்தைக் கழிச்சா போதும்லா?" என்று ஒருவர் கேட்க, "அப்படிக் கழிக்கப்படாது, ஒண்ணே காலால வகுக்கணும்" என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். சிலுவை கரண்டியை ஆட்டி, "ஒண்ணு புள்ளி ரெண்டுலே!" என்று திருத்தினார். கடைசியில் பந்தலே ஒரே குரலில் விடையைச் சொன்னது.

"ஐயாயிரத்து முன்னூத்து அறுவத்தஞ்சு!"

மைக்கில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் அதை ஏதோ காணிக்கை என்று நினைத்து ஒரு தடவை அறிவித்தும்விட்டார்.

எவரிடமும் சொல்லக் கூடாத நம்பர் கடற்கரை முழுக்கக் கேட்டது. ஆனாலும் பரவாயில்லை. அண்ணாச்சி ஐந்து, மூன்று, ஆறு, ஐந்து என்று அழுத்தினார்.

தவறான எண். இருபத்துநாலு மணி நேரம் கழித்து முயற்சிக்கவும்.

அண்ணாச்சி அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். எல்லோரும் கூடிவிட்டார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது? சீட்டு, எழுத்து, வெட்டிப் போட்ட கார்டு, ஐந்து மணிக் கெடு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"களவாணிப் பயலுவகிட்டருந்து காப்பாத்தணும்னு பார்த்து, எம்புள்ள படிப்பை நானே களவாண்டுட்டேனே!"

ஜோன்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் தோளில் கை வைத்தார். "அழாதிய அண்ணாச்சி. ஆளுக்குக் கொஞ்சமாப் போட்டாவது கட்டிருவோம். என்னவே பார்க்கிய எல்லாரும்? போனை எடுங்க!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெப்ஸி முன்னால் வந்தாள். மத்தியானத்திலிருந்து வாயை அடைத்து வைத்திருந்ததில் அவள் முகமே சிவந்திருந்தது.

"இப்பவாச்சும் நான் பேசலாமா அண்ணாச்சி?"

"பேசு. இனி என்ன இருக்கு?"

"பதினோரு வருஷமா விக்காத அண்டாவுக்கு ஒரே மாசத்துல நாலு தடவை வெலையை மாத்துனா, கடையில இருக்க எங்களுக்கு அது என்ன நம்பர்னு தெரியாதா? அப்புறம் அக்கா அந்தச் சீட்டைப் பார்த்தா வெலை சொல்லியிருப்பாவ? காலையில நீங்க குளிக்கப் போனப்பவே அக்கா உங்க போனை எடுத்து ஃபீஸைக் கட்டிட்டாவ. சீட்டைக் கிழிச்சா நீங்க இன்னொண்ணு ஒட்டுவியன்னுதான், உங்க துட்டைப் பத்திரப்படுத்த அண்டாவையே வித்தாவ!"