தீக்குச்சியில் தேறிய பரோட்டா

பட்டுக்கடையில் பல வருடம் நின்றவனுக்கு ஒரு வியாதி வரும். எதைத் தொட்டாலும் தரம் சொல்லத் தோன்றும். திரைச்சீலை, பக்கத்து வீட்டுக்காரர் சட்டை, பஸ் சீட் எதையும் நான் விட்டதில்லை. வியாதி முற்றிப் பரோட்டா வரை போனது என் மகள் நித்யாவின் கல்யாணப் பேச்சின்போது.

நித்யா ஆசைப்பட்ட பையனின் அப்பா தணிகாசலம். பெரிய காஞ்சிபுரத்தில் பரோட்டாவுக்குப் பேர்போன ஓட்டல் வைத்திருக்கிறார். அவரும் அவர் மனைவியும் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று காலையிலேயே நித்யா என்னை எச்சரித்துவிட்டாள்.

"அப்பா, நீ வாயத் தொறக்காம இருந்தாலே கல்யாணம் முடிஞ்சிடும்பா."

திறக்கவில்லை. அரை மணி நேரம். (என் வரலாற்றில் அது சாதனை.) பிறகு தணிகாசலம்தான் ஆரம்பித்தார்.

"சூப்பர் மார்க்கெட்ல ஐஸ் பொட்டியில பரோட்டா விக்கிறாங்க சார். அதுவும் ஓட்டல் பரோட்டாவும் ஒண்ணுதான்னு ஜனங்க சொல்லிக்கினு இருக்காங்க."

"அதெப்படி சார் ஒண்ணாவும்? கண்ண மூடிக்கினு தொட்டாலே நான் சொல்லிடுவேன்!"

நித்யா பல்லைக் கடித்த சத்தம் எனக்கே கேட்டது. ஆனால் வீட்டில் இரண்டுமே இருந்தன. மதியமே அவருடைய ஓட்டலில் பார்சல் வாங்கி வைத்திருந்தேன். (மரியாதை காட்டுகிறேனாம்.) ஐஸ் பரோட்டா பாக்கெட், என் மனைவி வசந்தா அவசரத்துக்கு வைத்திருப்பது. நித்யா அதைக் கல்லில் போட்டு, இரண்டையும் தனித்தனித் தட்டில் எடுத்து வர, நான் கண்ணை மூடினேன்.

முதல் தட்டில் இருந்ததைத் தொட்டேன், பிய்த்தேன், தின்றேன். "ஆகா! இன்னா பதம்! அடுக்கடுக்கா உதிருது பாருங்க. அசல் பட்டு! இதான் நம்ம ஓட்டல் சரக்கு."

இரண்டாவதைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தேன். "சீ, பாலியெஸ்டர்! இத மனுசன் தின்னுவானா?"

பாராட்டுக்குக் காத்திருந்தேன். கண்ணைத் திறந்தேன். நான் காறித் துப்பாத குறையாகத் தள்ளிய பரோட்டாவுக்கு அடியில், ஓட்டல் பார்சலில் வந்த வாழையிலை. இழையைத் தொட்டே தரம் சொல்லும் விரலுக்கு ஒரு முழு இலை தட்டுப்படவில்லை.

தணிகாசலத்தின் முகம் சிவந்தது. நித்யாவின் கண் கலங்கியது. எனக்கு வியர்த்த வியர்வையில் ஒரு முழம் துணிக்குச் சாயம் போட்டிருக்கலாம்.

"இ... இது சும்மா முதல் டெஸ்ட்டு சார்! கடையில நாங்க தொட்டுப் பாத்து முடிவு பண்ணவே மாட்டோம். எரிச்சுப் பாத்துதான்!"

"இன்னாங்க, வேணாங்க," என்றாள் வசந்தா. அதற்குள் நான் தீப்பெட்டியை எடுத்துவிட்டேன். பட்டிழையைக் கொளுத்தினால் முடி பொசுங்கும் வாடை வரும், சாம்பல் பொடியாக உதிரும். போலி உருகி உருண்டையாகும். பரோட்டா என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. ஓட்டல் பரோட்டாவில் ஓர் இழையை உருவிக் குச்சியைக் கிழித்தேன். எண்ணெயில் ஊறியது அல்லவா, கற்பூரம் போலக் குப்பென்று பிடித்தது. விரல் சுட்டு உதறினேன். பக்கத்தில் இருந்த குருமாவில் போய் 'சொய்ங்' என்று விழுந்தது.

பதற்றத்தில் நிறுத்தத் தெரியவில்லை. பாக்கெட் பரோட்டாவையும் கொளுத்தினேன். அதே குப். அதே வாடை. அதே குருமாவில் அதே சொய்ங்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் எரியுது," என்றேன் பரிதாபமாக.

அதுவரை பேசாமல் இருந்த தணிகாசலத்தின் மனைவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எரியாம? ரெண்டும் கம்பெனி சரக்குதானே!"

"ஏய், சும்மா இரும்மா," என்றார் தணிகாசலம்.

"இன்னா சும்மா இரு? பரோட்டா மாஸ்டர் தன் மச்சான் கல்யாணம்னு ஊருக்குப் போயி ஒரு வாரமாச்சி. இவருதாங்க பொட்டி பொட்டியா ஐஸ் பரோட்டா வாங்கியாந்து சுட்டுப் போட்டுக்கினு இருக்காரு!"

நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அறையிலேயே நாங்கள் இருவர்தான் சிரிக்கவில்லை. அவர் மெல்ல என் பக்கம் நகர்ந்து காதோரம் சொன்னார்.

"வெளிய சொல்லிடாதீங்க, சம்பந்தி."

அதுவரை நான் அவருக்கு வெறும் சார்! மாஸ்டர் திரும்பும் வரை வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட ஓடினாள்.

(மாஸ்டர் திரும்பி வந்து, கல்யாணத்துக்கும் அவர் கையாலேயே பரோட்டா போட்டு முடித்த பிறகுதான் இதை எழுதுகிறேன். சொன்ன சொல் தவற மாட்டேன்.)

இன்றைக்கும் சம்பந்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், என் இலைக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு முன்பாகத் தீப்பெட்டி வந்துவிடும்.