காலிச் சட்டியை அனுப்பலாமா?

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாக ஏதாவது நடந்திருக்கிறதென்றால், அது மொராக்கோவின் சஃபி நகரத் தேநீர்க் கடையில் ஜிலாலியின் தலைமையில் கூடிய 'மலிவு அனுப்புமுறை ஆய்வுக் குழு'தான்.

ஜிலாலியின் மனைவி தூரியா மண்ணில் செய்து சுட்ட தஜின் சட்டிக்கு, அதுதான் கூம்பு மூடி போட்ட குழம்புச் சட்டிக்கு, இணையத்தில் முதல் ஆர்டர் வந்திருந்தது. கேட்டவர் நாட்டின் மறுகோடியில், ஊஜ்தாவில், கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் லல்லா யாமினா. சனிக்கிழமை கல்யாணத்துக்குள் வர வேண்டும், பிடித்தால் இன்னும் அறுபது வாங்குவேன் என்று எழுதியிருந்தார். அறுபது விற்றால் தூரியாவுக்குச் சொந்தச் சூளை. மாமன் சூளையில் இடம் கேட்டுக் கெஞ்ச வேண்டாம்.

"கூரியர்ல நாப்பத்தஞ்சு திர்ஹாம்தாங்க. ரெண்டே நாள்ல போயிடும்," என்றாள் தூரியா.

"நாப்பத்தஞ்சா! ஆராயாம அள்ளிக் குடுக்கச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு வியாபாரியா?" என்றார் ஜிலாலி.

குழு மூன்று நாள் ஆராய்ந்தது. டாக்சி ஓட்டும் பூஅஸ்ஸாவும் முடிவெட்டும் முஃபத்தலும் நிரந்தர உறுப்பினர்கள். சர்க்கரைக் கூம்பு சுற்றி வந்த நீலத்தாளில் ஒப்பீட்டு அட்டவணை தயாரானது.

"செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு மச்சான்," என்றார் பூஅஸ்ஸா. "மராக்கெஷ் வரைக்கும் நான். அங்கேருந்து என் சகலை ஃபெஸ்ல முஃபத்தலோட சித்தப்பா மகன்கிட்ட சேர்த்துடுவான். அப்புறம் தாஸா ஊர்ல அவனோட சிநேகிதன். கை மாறிக் கை மாறி ஊஜ்தா போயிடும்."

"ஏகமனதாக நிறைவேறியது!" என்று முஃபத்தல் முழங்கினார். மூன்று நாள் தேநீருக்கு அறுபத்திரண்டு திர்ஹாம் ஆனது. அது 'நிர்வாகச் செலவு'. அனுப்பும் செலவில் சேராது.

புதன்கிழமை சட்டி புறப்பட்டது. மராக்கெஷில் சகலையின் மனைவி மூடியைத் திறந்து பார்த்துப் பதறிப் போனாள். "ஐயையோ, காலிச் சட்டியவா இன்னொரு வீட்டுக்கு அனுப்புவாங்க? மானம் போயிடாது?" உடனே எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கோழி சமைத்து அனுப்பினாள். ஃபெஸ்காரர், தமக்குத்தான் வந்தது என்று குடும்பத்தோடு சாப்பிட்டார். அவரும் மானஸ்தர். ஆட்டுக்கறி சமைத்து நிரப்பி அனுப்பினார். தாஸாவில் அதுவும் காலி. மறுநாள் வெள்ளிக்கிழமை, எல்லார் வீட்டிலும் கூஸ்கூஸ் என்னும் ரவைச் சோறு, அதற்குத் தஜின் தேவையில்லை. ஆகவே சட்டிக்கு வார விடுமுறை.

"சரக்கு நல்லபடியா நகருது," என்று ஜிலாலி வீட்டில் அறிவித்தார்.

திங்கட்கிழமை ஊஜ்தாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது சட்டியின் அடி கரியாகியிருந்தது. உள்ளே தாஸா வீட்டு அவரைக்காய். லல்லா யாமினா இணையத்தில் எழுதினார்: 'அவரைக்காய் அருமை. சட்டி பழசு. கல்யாணம் முடிந்துவிட்டது. ஒரு நட்சத்திரம்.'

அவரும் மரியாதை தெரிந்தவர். ஆலிவும் கறியும் சமைத்து நிரப்பி, சட்டியை வந்த வழியே திருப்பி அனுப்பினார். வழியெல்லாம் காலியாகி, வழியெல்லாம் நிரம்பி, கடைசியில் மராக்கெஷ் மீன் குழம்போடு வீட்டுக்கு வந்தது. குழு அவசரமாகக் கூடி, ரொட்டியால் வழித்து வழித்து ஆய்வு செய்தது.

"பாரு தூரியா, ஒரு கீறல் இல்ல! போக வர ஒத்தக் காசு செலவில்ல!"

தூரியாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பன்னெண்டு நாள் உக்காந்து செஞ்சேங்க அதை," என்றாள். குழு அடுத்த ரொட்டியைப் பிய்த்தது.

மறுநாள் காலை அவள் ஜிலாலியைக் கையோடு இழுத்துக்கொண்டு டாக்சி நிறுத்தத்துக்கு வந்தாள்.

"இவரை எல் ஜதீதாவுல இவங்க அம்மா வீட்டுல இறக்கி விடுங்க அண்ணே. எல்லா வழியும் ஒப்பிட்டுப் பாத்துட்டேன், இதுதான் மலிவு."

பூஅஸ்ஸா ஜிலாலியின் வெறுங்கையைப் பார்த்துப் பதறினார். "என்ன தங்கச்சி இது? ஒரு வீட்டுக்குக் காலியாவா அனுப்புறது?"

"காலியா? அறுபது சட்டி, ஒரு சூளை, எல்லாம் அந்த வயித்துக்குள்ளதான் இருக்கு. பாத்து ஓட்டுங்க."