சுல்தானுக்குத் தொண்டை கட்டிய வாரம்

விசில் சத்தம் கேட்டதும் தஹ்மான் முதலில் குக்கரைச் சந்தேகப்பட்டார். அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தார். குக்கர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடுத்துத் தெருவைச் சந்தேகப்பட்டார். அங்கே போலீஸ்காரர் யாரும் இல்லை. மிச்சம் இருந்தது, முந்தின நாள் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு வந்த புது மெஷின்தான்.

"வர்தியா! இந்தச் சனியன் விசிலடிக்குது!"

மனைவி வர்தியா மத்தி மீனுக்கு மாவு புரட்டிக்கொண்டிருந்தாள். "அந்த விசிலா? எனக்குப் பழகிப்போச்சு."

"ஒரே நாள்லயா?"

"உங்களோட குடும்பம் நடத்தினா எல்லாம் பழகிடும். கத்தாதீங்க. காது கேக்காதது உங்களுக்குத்தான், எனக்கில்ல."

தஹ்மான் அல்ஜியர்ஸ் துறைமுகத்தில் இழுவைக் கப்பலின் எஞ்சின் அறையில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவர். ஓய்வு கொடுத்து அனுப்பும்போது அந்த அறை அவரிடமிருந்து இரண்டு சாமான்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஒன்று, முக்கால்வாசிக் காது. இன்னொன்று, ஸ்பேனர் பட்டுத் தெறித்த ஒரு முன்பல்.

காது இல்லாமல் அவர் சௌக்கியமாகத்தான் இருந்தார். வர்தியா தன் தங்கையைப் பற்றிப் பேசும்போது தலையாட்டினால் போதும். மெஷின் போட்ட பிறகுதான் உலகம் எவ்வளவு கூச்சலான இடம் என்று தெரிந்தது. ரொட்டியைப் பிய்த்தால் கூரை சரிந்தது. செய்தித்தாளைப் புரட்டினால் புயல் அடித்தது. மாடி வீட்டுக்காரர் செருப்புப் போட்டு நடந்தால் ஒட்டகப் படையே கடந்து போனது. தான் காபி விழுங்கிய சத்தத்துக்குத் தானே "யாரது?" என்று திரும்பிப் பார்த்தார்.

இத்தனை அவஸ்தையும் சுல்தானுக்காக.

சுல்தான் அவருடைய மக்னீன். சிவப்பு முகமும் மஞ்சள் இறக்கையுமாக உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி. பாப் எல் வெத் பேட்டையில் வீடு இல்லாத ஆம்பளை உண்டு, மக்னீன் இல்லாத ஆம்பளை கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் பெல்காசிம் காபிக் கடையில் போட்டி. கூண்டைச் சுவரில் மாட்டுவார்கள். வேடிக்கை பார்த்தால் குருவி கூச்சப்படும் என்பதால் நடுவர் உட்பட எல்லோரும் முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து உட்கார வேண்டும். குருவிக்குச் சொந்தக்காரனும் கடைக்காரர் பெல்காசிமும் மட்டும் கூண்டுப் பக்கம் பார்த்து நிற்கலாம். ஐந்து நிமிஷம். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவர் கையைத் தூக்குவார், பெல்காசிம் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். ஜெயித்த குருவிக்கு ஜன்னலோர மூலை ஆணி.

அந்த ஆணி ஏழு வருஷமாக சுல்தானுடையது. ஏழு வருஷமும் தஹ்மான் பார்த்தது கோடுகளைத்தான், பாட்டைக் கேட்டதில்லை. சாவதற்குள் ஒரு தடவையாவது காதாரக் கேட்க வேண்டும் என்றுதான் மெஷின் போட்டார்.

அதுவும் எப்பேர்ப்பட்ட வாரத்தில்! முடிதிருத்தும் லக்தர் புதுக் குருவி வாங்கிவந்து சவால் விட்டிருந்தான்.

"ஹாஜி, இந்த வெள்ளிக்கிழமை அந்த ஆணி எனக்கு."

"அந்த ஆணியில கை வச்சேன்னா, இந்த மீசையையும் நீயே வழிச்சுக்கோ!" என்று தஹ்மான் கடை அதிர முழங்கியிருந்தார். நாற்பது வருஷ மீசை. ரெண்டு சிட்டுக்குருவி குடும்பத்தோடு தங்கலாம்.

இப்போது கூண்டின் முன்னால் ஆசையாகப் போய் உட்கார்ந்தால், சுல்தான் பாட்டு எங்கே கேட்கிறது? மெஷின் விசில்தான் 'கீ... கீச்சு... கீ' என்று காதைக் குடைந்தது. மெஷின் பொருத்திய நசீமாவிடம் ஓடினார். அந்தப் பெண் மெஷினைக் குழாய் வைத்து, புரட்டி, தட்டிக் கேட்டாள்.

"விசிலே அடிக்கலையே, ஹாஜி."

"உன்னைப் பாத்து அடங்கி உக்காந்திருக்கு. குருவி முன்னாடிதான் ஆட்டம் போடும்."

நசீமா யோசித்தாள். "வாயைத் திறந்தா தாடை அசையும். தாடை அசைஞ்சா மெஷின் காதுக்குள்ள இடம் விட்டு விசிலடிக்கலாம். வாயை இறுக்க மூடிப் பாருங்களேன்."

வீட்டுக்கு வந்து கூண்டு முன்னால் வாயை மூடினார். ஆச்சரியம்! விசில் நின்றது.

வர்தியாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "வாயை மூட வச்ச மகராசி! அந்தப் பொண்ணுக்கு ஒரு தட்டு இனிப்பு அனுப்பணும்."

ஆனால் சுல்தானின் பாட்டும் வரவில்லை. அரை நாள் வாயை மூடிக்கொண்டு கூண்டின் முன் தவம் கிடந்தார். தினையைக் கொறிக்கிற சத்தம் கேட்டது, எச்சம் விழுகிற சத்தம்கூடக் கேட்டது. பாட்டு மட்டும் இல்லை. மெஷின் போட்ட விசிலில் மிரண்டு சுல்தானுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று அவர் முடிவுகட்டினார்.

பெல்காசிமிடம் போய் அழுதார். பெல்காசிம் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "நல்ல மக்னீன் பாட்டா போன்ல போட்டு, கூண்டுப் பக்கத்துல வச்சு மூணு நாள் விடுங்க. மறந்த பாட்டு தானா வந்துடும்" என்றார்.

அப்படியே செய்தார். ஆகா, என்ன பாட்டு! என்ன குழைவு! தஹ்மான் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். இரண்டாம் நாள் தலை ஆடியது. மூன்றாம் நாள் தோளும் சேர்ந்து ஆடியது.

வர்தியா இடுப்பில் கை வைத்து நின்றாள். "என்ன ஆட்டம் இது?"

"பாட்டும்மா! தேன் மாதிரி இல்ல?"

"என்ன பாட்டு? வீடு சுடுகாடு மாதிரி இருக்கு."

"உனக்கும் ஒரு மெஷின் வாங்கணும் போலிருக்கே!"

வர்தியா நேராக நசீமாவுக்குப் போன் போட்டாள். பேசி முடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உங்க போன்ல போடுற பாட்டு நேரா உங்க காது மெஷினுக்குத்தான் போகுமாம். வெளிய ஈக்குக்கூடக் கேக்காதாம்!"

மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் தஹ்மான் பட்டம் வாங்கிவிட்டார். சுல்தான் ஒரு எழுத்துக்கூடப் படிக்கவில்லை. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

போட்டியில் லக்தரின் குருவி பதினோரு கோடு வாங்கியது. லக்தர் ஒரு தினுசாகத் தஹ்மானின் மீசையை அளவெடுத்துப் பார்த்தான். "அவசரமில்ல, ஹாஜி. சோப்பு, கத்தி எல்லாம் கையோட கொண்டாந்துட்டேன்."

சுல்தானை மாட்டினார்கள். எல்லோரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். மெஷின் விசிலடித்து மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று தஹ்மான் உதட்டைப் பூட்டுப் போட்டது போல் மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். சுல்தான் இறக்கையைக் கோதியது. சுவரில் ஒரு கோடு இல்லை. பெல்காசிம் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு தஹ்மானையே தவிப்போடு பார்த்தார்.

"நீ வந்த நாள்லருந்துதான்டா எனக்குக் கேடு!" என்று தஹ்மான் இரண்டு மெஷினையும் பிடுங்கிச் சர்க்கரைக் கிண்ணத்தில் எறிந்தார்.

உலகம் பஞ்சு மூட்டைக்குள் போனது. பழைய நிம்மதி. பாட்டும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம், என் கண்ணு சுல்தான் நல்லா இருந்தால் போதும் என்று அவர் வாயைப் பிளந்து, நீர் தளும்பும் கண்ணோடு, ஏழு வருஷமாகப் பார்த்த அதே ஆசையோடு சுல்தானைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சுவரில் ஒரு கோடு விழுந்தது.

அடுத்து இன்னொன்று. மூன்று. ஏழு. பெல்காசிமின் சாக்பீஸ் பறந்தது. ஐந்தாவது நிமிஷம் முடிந்தபோது பதிமூன்று கோடு! தஹ்மான் கூண்டைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, தன் கையாலேயே மூலை ஆணியில் மாட்டி, கடை நடுவில் ஆடத் தொடங்கினார்.

நடுவர் எழுந்து திரும்பினார். "அடேயப்பா! இன்னைக்குப் புதுப் பாட்டால்ல இருக்கு! என்ன குழைவு! யாருப்பா வாத்தியார்?" அது தஹ்மானின் காதில் விழவில்லை. ஆடிக்கொண்டிருந்தார்.

லக்தர் சோப்பையும் கத்தியையும் பைக்குள் திணித்தான். "எப்படி பெல்காசிம்? என் குருவி ஒரு குறையும் வைக்காமத்தானே பாடுச்சு?"

பெல்காசிம் சர்க்கரைக் கிண்ணத்திலிருந்து மெஷின்களைப் பொறுக்கி, துடைத்து, பத்திரமாகத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "உன் குருவி நல்லாத்தான் பாடுச்சு, லக்தர். சுல்தான் பொட்டைக் குருவி, அது இன்னைக்கு வரைக்கும் வாயே திறந்ததில்ல. ஏழு வருஷமா உங்களையெல்லாம் ஜெயிக்கிறது ஹாஜியோட ஓட்டைப் பல்லு!"